பழைய அம்பாசிடர் வீலில் துருவா? பெயிண்ட் அடிக்கும் முன் தட்டிப் பாருங்க!

சென்னை:
மேற்கு வங்காள மாநிலம் உத்தரபாராவில் அம்பாசிடர் கார் தயாரிப்பு 2014-ம் ஆண்டு நிறுத்தப்பட்டது. ஆனாலும் அப்பா காலத்து வண்டியை விற்க மனசு வராமல் பலர் இன்னும் ஓட்டுகிறார்கள். இந்த கார்களின் இரும்பு வீலுக்கு பெரிய எதிரி துரு. சென்னை போன்ற கடலோர ஊரில் உப்புக்காற்று பட்டு அது இன்னும் வேகமாக ஏறும்.

மேலாக்க சில்வர் பெயிண்ட் அடித்தால் வீல் பளபளன்னு இருக்கும். ஆனால் அடியில் துரு இரும்பை தின்றுகொண்டே இருக்கும். ஓடும்போது வீல் உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

தட்டிப் பாருங்க

முதலில் பஞ்சர் கடையில் டயரையும் டியூபையும் கழற்றி விடுங்கள். ரிம்மின் உள்பக்கம்தான் துரு அதிகம் இருக்கும். அது டியூபை உரசுவதால்தான் அடிக்கடி பஞ்சர் ஆகிறது.

சின்ன சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'கணீர்' என்று கேட்டால் நல்லது. சத்தம் மந்தமாக இருந்தால் சந்தேகம்தான். நட் துளைகளை சுற்றியும், வெல்டிங் இணைப்பிலும் விரிசல் இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். விரிசல் இருந்தாலோ, ஸ்குரூ டிரைவரால் குத்தும்போது இரும்பு உதிர்ந்தாலோ அந்த வீல் பழைய இரும்புக்குத்தான் லாயக்கு. வெல்டு வைத்து ஓட்டாதீர்கள்.

அன்றே பிரைமர்

வீல் நன்றாக இருந்தால் கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டு வெறும் இரும்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும். முடிந்தால் பட்டறையில் சாண்ட் பிளாஸ்டிங் செய்யலாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதனால் மூக்கில் மாஸ்க் கட்டாயம்.

பிறகு தின்னரால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். நாளைக்கு பார்த்துக்கலாம்னு விட்டால் ஈரக்காற்றில் மறுபடி துரு பிடிக்கும். மழை நாளில் இந்த வேலை வேண்டாம். பிரைமர் காய்ந்த பிறகு பெயிண்டை மெல்லிசாக இரண்டு, மூன்று கோட்டிங் அடித்தால் போதும்.

நட் ஜாக்கிரதை

நட் உட்காரும் இடத்திலும், வீல் டிரம்மோடு ஒட்டும் பக்கத்திலும் பெயிண்ட் தடிமனாக இருக்கக்கூடாது. ஓடும்போது பெயிண்ட் நசுங்கி நட் லூசாகிவிடும்.

நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, 50 கிலோ மீட்டர் ஓட்டியதும் மறுபடி ஒருமுறை முடுக்குங்கள். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். டிக்கியில் கிடந்து அதிகம் துருப்பிடிப்பது அதுதான்.