சங்கீதம் வைக்க ஒரு பெட்டி

நமது சங்கத்துப் பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், என் பையன் மியூசிக் சர்வர் என்று ஒன்று வாங்கப் போகிறானாம். விலை ஒன்றேகால் லட்சம். அது ஆம்ப்ளிஃபையரும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. பாட்டை வைத்துக்கொள்ளும் பெட்டி மட்டும்தானாம். பெட்டிக்கு இவ்வளவா?"

நியாயமான கேள்வி. வரிசையில் நின்றபடி பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. அப்படிப்பட்ட பெட்டி ஒன்றை டோம்பிவிலியில் என் வீட்டிலேயே நானே பூட்டி, இரண்டு வருஷமாகப் பாட்டுக் கேட்டு வருகிறேன். அந்த அனுபவத்தை எழுதுகிறேன். அதற்கு முன் நான் செய்த ஒரு பெரிய தவறையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மியூசிக் சர்வரில் மாயம் ஒன்றுமில்லை. வீட்டிலுள்ள சி.டி., கேசட் எல்லாவற்றின் ஒலியையும் எண்களாக்கி ஓரிடத்தில் சேர்த்து வைத்து, கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அதற்குத் திரை வேண்டாம், கீபோர்டு வேண்டாம். அலமாரி மூலையில் உட்கார்ந்திருக்கும். நம் கையிலுள்ள செல்போன்தான் அதற்கு ரிமோட். அது தரும் எண்களை மறுபடி ஒலியலையாக மாற்றுவதற்கு 'டாக்' என்றொரு தனிக் கருவி. அப்புறம் ஆம்ப்ளிஃபையர், அப்புறம் ஸ்பீக்கர்.

இந்தக் கம்ப்யூட்டரிடம் நாம் எதிர்பார்ப்பது மூன்றே மூன்று. ஒன்று, சத்தம் போடாமல் இருக்க வேண்டும். இரண்டு, வைத்ததை வைத்தபடியே திருப்பித் தர வேண்டும். மூன்று, வைத்ததைத் தொலைக்கக் கூடாது. முதல் இரண்டும் இன்றைக்கு மலிவாகவே கிடைக்கின்றன. மூன்றாவதுக்குத்தான் செலவும் கவனமும் வேண்டும். ஆனால் கடைக்காரர்கள் முதல் இரண்டைப் பற்றியே மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

பெட்டிக்குள் என்ன?

லாமிங்டன் ரோடுக்குப் போனால் 17 சென்டிமீட்டர் சதுரத்தில் சின்ன மதர்போர்டு கிடைக்கும். அதிலேயே இன்டெல் என்-100 என்ற பிராசசர் பற்றவைக்கப்பட்டிருக்கும். 2023-ல் வந்த இந்தப் பிராசசரின் அளவு 6 வாட்தான். நம் வீட்டு எல்.இ.டி. பல்பு அளவு. ஆகவே விசிறி வேண்டாம். மேலே ஓர் அலுமினியத் துண்டு போதும், சூடு தானாக வெளியேறிவிடும். லேப்டாப் அடாப்டரின் 19 வோல்ட்டிலேயே ஓடுகிற போர்டாகப் பார்த்து வாங்கினால் பவர் சப்ளையின் விசிறியும் ஒழிந்தது. சுற்றும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் பெட்டிக்குள் அசையும் பொருளே கிடையாது. முதல் நிபந்தனை தீர்ந்தது.

எவ்வளவு பெரிய டிஸ்க் வேண்டும்? கணக்குப் போட்டுவிடலாம். சி.டி.யில் ஒலி வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட். இடது, வலது என இரண்டு தடம். பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு 635 மெகாபைட். இதை 'ஃபிளாக்' என்ற முறையில் சுருக்கினால் பாதியைவிடச் சற்று அதிகம், சுமார் 350 மெகாபைட் ஆகும். விரித்தால் ஓர் எண்கூடக் குறையாமல் திரும்பி வரும். எம்.பி.3 அப்படியல்ல. காதுக்குத் தெரியாது என்று கருதுவதை அது எறிந்துவிடும், எறிந்தது எறிந்ததுதான். 600 மணி நேரச் சங்கீதம் ஃபிளாக்கில் 210 ஜிகாபைட். தினம் ஒரு மணி நேரம் கேட்டாலும் முடிக்க ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். எனவே 1 டெராபைட் தாராளம்.

மென்பொருளுக்குக் காசு இல்லை. லினக்ஸ் இலவசம். அதன்மேல் ஓடும் 'மியூசிக் பிளேயர் டீமன்' என்ற நிரலும் இலவசம். ஆலாபனை ஒரு தடமாகவும் கீர்த்தனை அடுத்த தடமாகவும் வெட்டியிருக்கும் சி.டி.யைக்கூட நடுவில் மூச்சு முட்டாமல் தொடர்ச்சியாகப் பாடுகிறது.

தொட்டியும் குழாயும்

"சாதாரணக் கம்ப்யூட்டரில் காலம் தவறும், எண்கள் முன்னே பின்னே வரும், அதனால் நாதம் கெடும்" என்று பையனிடம் கடையில் சொல்லியிருப்பார்கள். முனிசிபாலிட்டித் தண்ணீர் எப்போது வருகிறது, எந்த வேகத்தில் வருகிறது என்று நமக்குத் தெரியுமா? ஆனால் குளியலறைக் குழாயில் சீராகத்தான் விழுகிறது. காரணம், நடுவில் மாடித் தொட்டி இருக்கிறது. நல்ல டாக் கருவிக்குள் அப்படியொரு தொட்டியும், சொந்தமாக ஒரு கடிகாரமும் உண்டு. கம்ப்யூட்டர் எண்களைத் தவணை தவணையாகக் கொட்டினாலும், டாக் தன் கடிகாரப்படிதான் எடுத்துக் கொடுக்கும். யு.எஸ்.பி. டாக் வாங்கும்போது 'அசிங்க்ரனஸ்' வகைதானா என்று கேட்டு வாங்கினால் போதும்.

டிஸ்க்கிலிருந்து போர்டுக்குப் போகும் ஒரு சாண் ஒயரை 'ஆடியோ ஸ்பெஷல்' என்று விற்கிறார்கள். அந்த ஒயரில் போவது எண். தவறாக வந்தால் சரிபார்க்கும் முறை கண்டுபிடித்து மறுபடி அனுப்பச் சொல்லும். விலையுயர்ந்த ஒயரில் வந்த ஏழு, சாதா ஒயரில் வந்த ஏழைவிட இனிமையான ஏழு அல்ல. இன்னொன்றையும் யோசியுங்கள். மும்பைப் புழுக்கத்தில் தலைக்கு மேல் சீலிங் ஃபேன் சுற்றாமல் நம்மில் யார் கச்சேரி கேட்கிறோம்?

உண்மையான விரோதி

காசு செலவழிக்காமல் தீர்க்க வேண்டிய நிஜமான பிரச்சினை ஒன்று உண்டு. 'ம்ம்ம்' என்று அடியில் கேட்கும் இரைச்சல். பெட்டியை முதன்முதலில் பூட்டிய இரவு எம்.டி. ராமநாதனைப் போட்டேன். அவருடைய கீழ்ஸ்தாயிக்குப் போட்டியாக ஸ்பீக்கரே ஒரு தம்பூரா போட ஆரம்பித்தது!

நம் மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவது. இரண்டு கருவிகளுக்கு இரண்டு இடங்களில் எர்த் கிடைத்து, அந்த எர்த்துகளுக்கிடையே சிறு வித்தியாசம் இருந்தால், இணைக்கும் ஒயர் வழியாக மின்னோட்டம் சுற்றி வரும். அந்த 50-தான் ஸ்பீக்கரில் இரைகிறது. ரயில்வே சிக்னல் பிரிவில் கோளாறு கண்டுபிடிக்கும் பழைய வழி, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது. டாக்கைக் கழற்றினேன், போகவில்லை. கம்ப்யூட்டரைக் கழற்றினேன், போகவில்லை. கடைசியில் டி.வி.யிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வந்த ஒயரைப் பிடுங்கியதும் நிசப்தம். கேபிள் டி.வி. ஒயர் மொட்டை மாடியிலிருந்து தன் சொந்த எர்த்தைக் கொண்டுவந்திருக்கிறது! டி.வி.யை ஆப்டிகல் ஒயரில் இணைத்தேன். அதில் போவது வெளிச்சம், மின்சாரம் அல்ல. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் போர்டில் செருகினேன். ஓர் எச்சரிக்கை: இரைச்சல் போக வேண்டுமென்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யாரும் உடைத்து விடாதீர்கள். அது உயிர் காக்கும் பின்.

அப்பாவின் கேசட்டுகள்

இனி என் தவறு.

என் தந்தையார் ஒரு டூ-இன்-ஒன் வைத்திருந்தார். ஆகாசவாணியில் சனிக்கிழமை இரவு தேசிய நிகழ்ச்சியில் கர்நாடக சங்கீதம் வரும் வாரங்களில், சாப்பாட்டை முன்னதாகவே முடித்துவிட்டு அதன்முன் உட்கார்ந்துவிடுவார். முதலில் மைக்கில் தேதியும் பாடகர் பெயரும் சொல்லிப் பதிவு செய்வார். பிறகு ரேடியோவுக்கு மாற்றுவார். சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிஷம். அது ராகத்தின் நடுவில் தீர்ந்தாலும் சரி, தனி ஆவர்த்தனத்தின் நடுவில் தீர்ந்தாலும் சரி, திருப்பிப் போடும் அந்தச் சில வினாடி போனது போனதுதான். இப்படி 64 கேசட்டுகள் சேர்ந்தன. 1997-ல் அவர் காலமான பிறகு அவை பரணுக்குப் போயின.

2014-ல் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இடம் மிச்சம் என்று எம்.பி.3-யாக ஏற்றினேன். பாட்டு ஆரம்பிக்கும் முன்பிருந்த பேச்சு எதற்கு என்று அப்பாவின் அறிவிப்புகளை வெட்டினேன். எல்லாவற்றையும் வெளியே செருகும் ஒரே டிஸ்க்கில் வைத்தேன். மழைக்காலத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்த 41 கேசட்டுகளை, அதுதான் ஏற்றியாகிவிட்டதே என்று ரத்திவாலாவிடம் போட்டுவிட்டேன்.

2018-ல் ஒரு நாள் காலை அந்த டிஸ்க் இரண்டு முறை 'டிக், டிக்' என்றது. அதோடு சரி.

சிக்னல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து எங்களுக்குச் சொல்லித் தரும் பாடம் ஒன்று: எந்தப் பொருளும் ஒரு நாள் பழுதாகும்; பழுதானால் பாதுகாப்பான பக்கமாகப் பழுதாகும்படி அமைக்க வேண்டும். ஒயர் அறுந்தால் சிக்னல் சிவப்புக்குத்தான் போக வேண்டும், பச்சைக்கு அல்ல. இதை எத்தனையோ இளைஞர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்! புனேயிலுள்ள மைத்துனருக்கு ஒரு முறை பென் டிரைவில் கொடுத்திருந்த 9 கச்சேரிகள் திரும்பிக் கிடைத்தன. மீதி 32 போயேவிட்டன. கிடைத்த ஒன்பதிலும் அப்பாவின் குரல் இல்லை. அதைத்தான் நானே வெட்டியிருந்தேனே.

மிஞ்சிய 23

பூஞ்சை ஏறாத 23 கேசட்டுகள் பரணிலேயே இருந்தன. இந்தத் தடவை அவசரப்படவில்லை. பழைய டெக் ஒன்று வாங்கி, ரப்பர் பெல்ட் மாற்றி, ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தேன். நீண்ட நாள் கிடந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு கேசட்டையும் பென்சிலால் மெதுவாகச் சுற்றித் தளர்த்திய பிறகே டெக்கில் போட்டேன்.

ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. அப்பாவின் டூ-இன்-ஒன்னில் ஹெட் இம்மி சாய்ந்திருந்தால் நம் டெக்கிலும் அதே சாய்வு வேண்டும். இல்லாவிட்டால் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும். ஸ்க்ரூவை மயிரிழை திருப்பத் திருப்ப, வயலின் வில்லின் உராய்வும் மிருதங்கத்தின் சாப்பும் எழுந்து வருவதைக் கேட்க வேண்டும்! எத்தனை விலை ஒயரும் தராத சுகம் அது.

வேகமும் முக்கியம். நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். 6 சதவீதம் குறைந்தால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கிவிடும். வித்வானின் வழக்கமான சுருதி தெரிந்தால் அதை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

பதிவு செய்தது 24 பிட், வினாடிக்கு 48,000 அளவு. "192,000 வைக்கலாமே" என்றான் என் மருமகன். மத்திய அலை ரேடியோவில் வந்த பாட்டில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. காலிப் பாத்திரத்தை எவ்வளவு நுணுக்கமாக அளந்தால் என்ன? என் காதின் வயதையும் அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ராகம் எங்கே?

பெயர் வைப்பதில்தான் அதிக நாள் போயிற்று. இந்த நிரல்களெல்லாம் பாடகர், ஆல்பம், பாட்டு என்றே கேட்கின்றன. சனிக்கிழமை இரவு ரேடியோக் கச்சேரிக்கு ஏது ஆல்பம்? தேதியையே ஆல்பமாக்கினேன். இசை வகை என்று கேட்ட இடத்தில் ராகத்தை எழுதினேன். ஆங்கில எழுத்தில் எழுதினால் தோடியை ஒருவர் நேராக எழுதுகிறார், இன்னொருவர் நடுவில் எச் சேர்க்கிறார், மூன்றாமவர் இரண்டு ஓ போடுகிறார். கம்ப்யூட்டருக்கு இவை மூன்று ராகங்கள்! எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிட்டேன். இப்போது செல்போனில் 'தோடி' என்று தொட்டால் வீட்டிலுள்ள தோடி முழுவதும் வரிசையாக வந்து நிற்கிறது. மும்பையில் பிறந்த என் பேத்தி தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது இந்தப் பட்டியலில்தான்.

மூன்று பிரதி

ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் போட்டால் அது இரண்டு பிரதி ஆகாது. இடி விழுந்தால் இரண்டும் போகும். நாமே கை தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். என் வீட்டில் பெட்டிக்குள் ஒன்று, பீரோவில் ஒயர் செருகாமல் ஒன்று, புனேயில் மைத்துனர் வீட்டில் ஒன்று. ஒவ்வொரு ஃபிளாக் கோப்பிலும் மூல ஒலியின் கைரேகை போல ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். மாதம் ஒரு முறை பெட்டி தானே எல்லாக் கோப்புகளையும் விரித்துக் கைரேகையை ஒப்பிட்டு, கெட்டிருந்தால் சொல்லும். முக்கியமாக, ஏற்றிய பிறகும் கேசட்டை எறிவதில்லை. 23-ம் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இருக்கின்றன.

பெட்டி, டாக், மூன்று டிஸ்க் எல்லாம் சேர்த்தும் நண்பர் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். மிச்சப் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடட்டும். வித்தியாசம் அங்கேதான் கேட்கும்.

இந்த முறை எதையும் வெட்டவில்லை. போன சனிக்கிழமை இரவு ஒரு கச்சேரி போட்டேன். முதலில் அப்பா வந்தார்: "இன்று 1983 ஜூலை 16, சனிக்கிழமை. வெளியே நல்ல மழை. கொஞ்சம் கொரகொரப்பு இருக்கும்." பிறகு ஒரு 'டக்'. அப்புறம் தம்பூரா.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் கேசட்டுகள் இருக்கலாம். ரத்திவாலாவைக் கூப்பிடும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். டெக் இருக்கிறது, எனக்கு நேரமும் இருக்கிறது.