புல்லின் பசுமையும் பாலின் வளமும்

சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்குக்கு அருகே புக்கிட் தீமா மலையடிவாரத்தில், 1930-களில் கோல்டு ஸ்டோரேஜ் நிறுவனம் பெரிய பால்பண்ணை ஒன்றை நடத்தி வந்தது. அப்பண்ணை இன்று இல்லை. அதன் பழைய மாட்டுக் கொட்டகையில் 2009-இல் கல்வி மையம் ஒன்று திறக்கப்பட்டது. ‘டெய்ரி பார்ம்’ என்ற பெயர் மட்டும் சாலைக்கும் பூங்காவுக்கும் நிலைத்துவிட்டது.

அங்குள்ள மண், கருங்கல் சிதைந்து உண்டானது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, சுண்ணாம்பு முதலிய தாதுக்களைக் கரைத்துக் கொண்டுபோய்விடுவதால் மண் புளித்துவிடுகிறது. மலேசிய ரப்பர்த் தோட்டங்களிலும் தேயிலை மலைகளிலும் நாம் காண்பதும் பெரும்பாலும் இத்தகைய மண்ணே. லயத்துக்குப் பின்னால் ஒன்றிரண்டு பசு வளர்ப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலை. அம்மணிகளில் மெத்தியோனின், சிஸ்டீன் ஆகிய இரண்டும் உருவாகக் கந்தகம் தேவை. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து உண்டு. கந்தகம் அறவே இல்லை. கந்தகம் குறைந்த மண்ணில் யூரியாவை மட்டும் கொட்டினால், தழைச்சத்தில் ஒரு பகுதி புரதமாக மாறாமல் இலையிலேயே தேங்கிவிடும். நைட்ரேட்டாக அது மிகுந்துவிட்டால் மாட்டுக்கு நஞ்சு. இரத்தம் பழுப்பேறி, மூச்சுத் திணறும். ஆய்வுக்கூடங்களில் தழைச்சத்தை அளந்து, 6.25-ஆல் பெருக்கித்தான் புரதம் இவ்வளவு என்று கணக்கிடுவது வழக்கம். மட்டமான புல்லும் இக்கணக்கில் நல்ல புல்லாகத் தோன்றிவிடும்!

பசுவின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களே புரதம் செய்து கொடுக்குமே என்று சிலர் கேட்கலாம். செய்யும்தான்; ஆனால் அவற்றுக்கும் கந்தகம் வேண்டும். தீவனத்தில் பத்துப் பன்னிரண்டு பங்கு தழைச்சத்துக்கு ஒரு பங்கு கந்தகம் இருப்பது நல்லது.

குறையை இலையே காட்டும். தழைச்சத்து குறைந்தால் கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகும். கந்தகம் குறைந்தால் இளந்தளிர் வெளிறும். அம்மோனியம் சல்பேட்டில் 21 சதவீதம் தழைச்சத்தும் 24 சதவீதம் கந்தகமும் உள்ளன. ஆனால் அது மண்ணை மேலும் புளிக்கச் செய்யும். ஆகவே சுண்ணாம்பும் இட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கலந்து போட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். சில வாரம் இடைவெளி விடுங்கள்.

ரப்பர் மரங்களுக்கிடையே படரும் பயற்றுக்கொடிகளின் வேர்முடிச்சுகள் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடிக்கின்றன. அதற்கு மாலிப்டினம் என்னும் தாது மிகச் சிறிதளவு தேவை. புளித்த மண்ணில் அது சிக்கிக் கிடக்கும். சுண்ணாம்பு இட்டால் வேருக்குக் கிடைக்கும்.