மேகமலை ஒரு 'டவுன்', தெரியுமா? சென்சஸ் பார்க்கிற விதமே தனி!

சின்னமனூரில் இருந்து தென்பழனி செக்போஸ்ட்டைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் மேகமலை. சுற்றிலும் தேயிலைத் தோட்டம், மணலாறு, இரவங்கலாறு மாதிரி அணைகள், அதற்கு அப்பால் புலிகள் காப்பகம். ஆனால் சென்சஸ் கணக்கில் இது கிராமம் இல்லை, நகரம்!

எப்படி?

இங்கே உள்ளாட்சி அமைப்பு ஹைவேவிஸ் பேரூராட்சி. பேரூராட்சி என்றாலே சென்சஸில் 'நகர்ப்புறம்'தான். வீடுகள் எவ்வளவு தள்ளித் தள்ளி இருந்தாலும் சரி. தேனி மாவட்டத்தில் இப்படி 22 பேரூராட்சிகள். 2011 கணக்குப்படி மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகள் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் என்ன?

கிராமப்புற வேலை உறுதித் திட்டம் கிராம ஊராட்சிகளுக்குத்தான். எஸ்டேட் வேலை குறைந்தாலும், பேரூராட்சியில் இருப்பவர் அதில் சேர முடியாது.

சரி, மொழி?

மேகமலை, வருசநாடு மலைப்பகுதிகளில் வாழும் பழங்குடியினர் பளியர்கள். தேன் எடுப்பதும் கிழங்கு தோண்டுவதும் அவர்களுடைய பாரம்பரியத் தொழில்கள். அவர்கள் பேச்சு தமிழுக்கு ரொம்ப நெருக்கம். ஆனாலும் அதைத் தனி மொழியாகப் பட்டியலிடும் ஆய்வாளர்களும் உண்டு.

2011இல் தேனி மாவட்ட மக்கள்தொகை 12,45,899. இதில் பழங்குடியினர் சுமார் 0.15%. அதாவது எல்லாப் பழங்குடியினரையும் சேர்த்தாலும் இரண்டாயிரத்தைத் தொடவில்லை.

சிக்கல் இங்கேதான். நாடு முழுக்க 10,000 பேராவது பேசினால்தான் ஒரு தாய்மொழிக்கு சென்சஸ் அட்டவணையில் தனி வரி. 2011இல் மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. அவற்றை ஆராய்ந்து தொகுத்ததில் 1,369 தாய்மொழிகள் தேறின. கடைசியில் தனி வரி கிடைத்தது 270க்கு மட்டுமே. மற்றவை பெரிய மொழிகளின் கீழோ, 'பிற' என்ற வரியிலோ போய்விட்டன.

ஆக, பளியர் ஒருவர் பழங்குடியாக எண்ணப்படுவார். அவர் பேச்சு மட்டும் எண்ணிக்கையில் தெரியாது. வகுப்பறையில் எந்தக் குழந்தைக்கு வீட்டு மொழி வேறு என்பதைத் திட்டமிடுபவர்கள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்?

அடுத்து என்ன?

அடுத்த சென்சஸில் ஆட்களை எண்ணும் கட்டம் 2027 பிப்ரவரியில். தாய்மொழி என்ன என்று கேட்டால், நாம் சொல்லும் பெயரை அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் விதி. கணக்கெடுப்பாளரே 'தமிழ்தானே' என்று முடிவு செய்யக்கூடாது. தனி வரி கிடைக்காமல் போகலாம். ஆனால் சொன்னால்தான் பதிவாவது மிஞ்சும்.