கூலி எது? கூலி யார்?

அண்மையில் மாணவன் ஒருவன் பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றுடன் நம்மிடம் வந்தான். "ஐயா, தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களை இதில் ‘கூலி’ என்று எழுதியிருக்கிறார்களே! கூலி என்றால் சம்பளம் அல்லவா?" என்று வினவினான். நல்ல வினா. இதற்கு விடை காண, அச்சொல் சென்ற வழியே நாமும் சிறிது தூரம் செல்லவேண்டும்.

தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். திருவள்ளுவர் 619ஆம் குறளில் இச்சொல்லைக் கையாண்டுள்ளார். தெய்வத்தால் ஆகாததாயினும், உடல் வருந்த முயன்றவனுக்கு அம்முயற்சிக்குரிய பயன் உண்டு என்பது அக்குறளின் கருத்து. வேலை செய்பவரைக் குறிக்கக் ‘கூலியாள்’, ‘கூலிக்காரர்’ என்னும் வேறு சொற்கள் நம்மிடம் உள்ளன. ஆள் வேறு, அவர் பெறும் கூலி வேறு.

16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் வழியாக இச்சொல் ஐரோப்பா சென்றது. டச்சு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளிலும் புகுந்தது. குஜராத்தில் வாழும் ‘கோலி’ என்னும் மக்களின் பெயரே இதன் மூலம் என்று கூறும் அறிஞரும் உளர். அப்பெயரோடு நம் தமிழ்ச்சொல்லும் கலந்தது என்பாரும் உளர். மூலம் எதுவாயினும், அம்மொழிகளில் அச்சொல் ஊதியத்தைக் குறிக்கவில்லை, மனிதரையே குறித்தது.

இம்மாற்றம் சிறியதன்று. மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்ராவின் டெலித் தோட்டங்களுக்காக 1880ஆம் ஆண்டில் டச்சு அரசு ‘கூலிச் சட்டம்’ இயற்றியது. ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடிய தொழிலாளி அச்சட்டப்படி தண்டிக்கப்பட்டான். தென்னாப்பிரிக்காவில் இந்தியரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லாக ஆங்கிலக் ‘கூலி’ மாறியது. சீனர் இச்சொல்லை எழுதும் இரண்டு எழுத்துகளுக்குத் ‘துன்பம்’, ‘வலிமை’ என்று பொருள். மலாய் மொழியிலும் ‘கூலி’ என்றால் ஆள்தான். ஊதியத்திற்கு அங்கு ‘ஊப்பா’ என்னும் சொல் உண்டு.

ஜெர்மன் மொழியில் மட்டும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. இன்று அந்நாட்டு மாணவனிடம் ‘கூலி’ கேட்டால், அவன் பந்துமுனைப் பேனாவை எடுத்து நீட்டுவான்! அப்பேனாவின் பெயராகிய ‘கூகெல்ஷ்ரைபர்’ என்னும் நீண்ட சொல்லின் சுருக்கமே அது. அதற்கு முன்பே, 1928 அளவில், ‘மைக்கூலி’ என்று பொருள்படும் ‘டின்டென்கூலி’ என்னும் பேனாவும் அங்கு விற்பனையில் இருந்தது.

மாணவச் செல்வங்களே! விடியுமுன் எழுந்து, பால்வாளி சுமந்து, மழையிலும் வெயிலிலும் உழைத்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் கூலி பெற்றார்கள். அவர்கள் கூலி அல்லர். அவர்களைக் கூலி என்று எவரேனும் இகழ்ந்தால் தலைகுனிய வேண்டாம். உழைப்பின் பயனைக் குறித்த சொல்லை உழைப்பவர்மீதே ஏற்றியது பிறர் செய்த பிழை.

பெற்றோர்களே! நீங்கள் ஈட்டிய கூலியில் வாங்கித் தந்த பேனா இன்று உங்கள் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. அதைக்கொண்டு அவர்கள் உங்கள் வரலாற்றைப் பிழையின்றி எழுதட்டும்.