தேயிலை வேண்டாம், ஆவாரை போதும்

"மதுரைப் பக்கம் தேயிலை வருமாங்க?" இயற்கை வேளாண்மைக்குப் புதுசா வர்றவங்களுக்கு இந்த ஆசை வருவது இயல்புதான்.

வராது. மலை இல்லாததுதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். அஸ்ஸாமில் பிரம்மபுத்திரா ஓரத்துச் சமவெளியிலேயே தேயிலை செழிப்பாக விளைகிறது. தடை மண்ணும் மழையும்தான். தேயிலைக்கு அமில மண் வேண்டும். கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. நம்ம கரிசலிலும் செம்மண்ணிலும் பல இடங்களில் அது 7-ஐத் தாண்டும். மழையும் வருஷம் முழுக்கப் பரவலாக, 1,200 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வேண்டும். மதுரைக்குக் கிடைப்பது சுமார் 850. அதுவும் சில மாதங்களில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். கந்தகம் போட்டு மண்ணை மாற்றி, ஓயாமல் தண்ணீர் பாய்ச்சிச் செடியைக் காப்பாற்றுவது விவசாயம் இல்லை, கடனுக்கு வழி.

நம்ம தரிசில் தண்ணி கேட்காமல் மஞ்சளாகப் பூத்து நிற்குதே ஆவாரை, அதன் பூவை நிழலில் உலர்த்தி வையுங்கள். ஒரு சிட்டிகை கொதிக்கவைத்துக் கருப்பட்டி சேர்த்தால் அருமையான பானம். தேயிலையில் இருக்கும் காஃபீன் இதில் கிடையாது. இலங்கையில் இதை 'ரணவரா' என்று கடைகளிலேயே விற்கிறார்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் சித்த மருத்துவரைக் கேட்டுக்கொண்டு குடிக்கலாம்.

ரோட்டோரப் பூவில் புகையும் தூசியும் படியும், அதைப் பறிக்காதீர்கள். உங்க வரப்பிலேயே வளருங்கள். விதைத் தோல் கெட்டி என்பதால் வெந்நீரில் போட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, புரட்டாசி மழையில் ஊன்றுங்கள். பூ குடிக்க, தழை வயலுக்கு உரம். பறிக்கும்போது கொஞ்சம் பூவைத் தேனீக்கும் விதைக்கும் விட்டுவையுங்கள்.