கேம் பத்தி எழுதுறீங்களா? வீட்டுக் கணக்கையும் போடுங்க!

பகல்ல ஆபீஸ். ராத்திரி வீடியோ கேம் விமர்சனம், டிஸ்கார்ட் குழு நிர்வாகம். "எப்பப் பாரு லேப்டாப்"னு வீட்ல கோபம். உங்க கதையா?

நம்ம ஸ்ரீரங்கத்துல வளர்ந்த சுஜாதா, பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல இன்ஜினியரா இருந்துக்கிட்டே எழுதிக் குவிச்சார். புனைபெயர் மனைவியோட பெயர். எழுத்துல வீட்டுக்கும் பங்கு உண்டுன்னு நான் அதை எடுத்துக்கறேன்.

இப்போ கணக்கு. வாரம் 15 மணி நேரம்னா மாசம் 60. விளம்பர வரவு 3,000 ரூபாய். ஹோஸ்டிங், டொமைன் செலவு 600. மிச்சம் 2,400. மணிக்கு வெறும் 40 ரூபாய்!

வருமானம் சின்னதானாலும் வரிக் கணக்குல காட்டணும். பில் வெச்சிருந்தா செலவைக் கழிக்கலாம்.

40 போதலைன்னு பணம் கட்டி ஆடுற கேம்களோட விளம்பரத்தை வாங்காதீங்க. 2025 ஆன்லைன் கேமிங் சட்டப்படி 2 வருஷம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். குடும்பமே ஆடிப்போயிடும்.

எழுதுறதை நிறுத்தச் சொல்லலை. பணத்துக்கு பட்ஜெட் போடுற மாதிரி நேரத்துக்கும் போடுங்க. வாரம் எத்தனை மணி நேரம்னு வீட்ல உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனா, போன் பைக்குள்ளயே இருக்கட்டும்.