18 ரூபாய்த் தோசைக்கல்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

விலை கூடிய பொருள்தான் நெடுநாள் உழைக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். “கொஞ்சம் விலை கூடத்தான், ஆனால் காலத்துக்கும் இருக்கும்” என்று கடைக்காரரும் சொல்வார். எங்கள் வீட்டில் நான் கண்டதோ வேறு. எங்கள் சமையலறையில் மிகவும் வயதான பொருள்கள் மூன்று: ஓர் இரும்புத் தோசைக்கல், ஓர் எவர்சில்வர் டம்ளர், ஓர் அம்மி. மூன்றும் மலிவாக வந்தவை. மூன்றும் எனக்கு மூத்தவை. இவற்றைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய பொருள்கள் எத்தனையோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. இது எப்படி என்ற கேள்விக்குப் பாதி விடை அறிவியல் பாடத்தில் கிடைத்தது. மீதி விடை எங்கள் ஆயாவிடம் கிடைத்தது. இரண்டையும் தோழியருக்குச் சொல்கிறேன்.

ஆயா என்பது என் அப்பாவைப் பெற்ற பாட்டி. 1984ஆம் ஆண்டு எங்கள் ஊர் ஏரி காத்த ராமர் கோயில் திருவிழாவின்போது தெருவில் போட்டிருந்த இரும்புக் கடையில் ஆயா அந்தக் கல்லை வாங்கினார். திருவிழா பார்க்க அவர் போகவில்லை. தாத்தா இறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்கு ஐந்து வயது. இரண்டு அத்தைகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் 20 ரூபாய் சொன்னாராம். ஆயாவின் முந்தானை முடிச்சில் இருந்தது 18 ரூபாய். அவர் பேரம் பேசவில்லை, முடிச்சை அவிழ்த்துக் காட்டினாராம். மறு வாரம் முதல் காலைப் பேருந்துக்குப் போகிறவர்களுக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் தோசை விற்பனை தொடங்கிற்று. இருபத்திரண்டு ஆண்டுகள் நடந்தது. இரண்டு அத்தைமாருக்கும் கல்யாணம் ஆனதும், அப்பா ஐ.டி.ஐ. படித்ததும் அந்த வருமானத்தில்தான். ஆகவே அந்தக் கல்லை எங்கள் வீட்டில் யாரும் காலால் தொடுவதில்லை.

ஆனால் இரும்பு துருப்பிடிக்கும் பொருள் அன்றோ? ஈரமும் காற்றும் பட்டால் இரும்பின் மேல் துரு உண்டாகிறது. துரு துளைகள் நிறைந்தது. இறுகப் பற்றி நிற்காமல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளிப்படும், அதுவும் துருப்பிடிக்கும். இப்படியே போனால் கல் முழுதும் கரைந்துவிட வேண்டியதுதான். சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் எங்கள் சின்ன அத்தை, உப்புக் காற்றில் ஒரே இரவில் கல் சிவந்துவிடும் என்பார். அதனால் அவர் தோசை வார்த்து முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் கல்லை மாட்டுவார்.

அந்த எண்ணெயில்தான் சூட்சுமம் இருக்கிறது. எண்ணெயை மெல்லியதாகத் தடவிப் புகை வரும்வரை சூடாக்கினால், அதன் மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனின் உதவியால் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட வலையாகிவிடுகின்றன. பிறகு அது எண்ணெயாக இருப்பதில்லை. கறுத்த, வழவழப்பான, கெட்டியான ஒரு தோலாகி இரும்பைப் பற்றிக்கொள்கிறது. ஈரம் உள்ளே போகாது, மாவும் ஒட்டாது. இதைத்தான் நம் வீடுகளில் ‘கல்லைப் பழக்குவது’ என்கிறார்கள். தோல் எங்காவது தேய்ந்தால் கவலையில்லை. அடுத்த தோசைக்கு விடும் எண்ணெய் அங்கே புதுத் தோலை வளர்த்துவிடும். உபயோகிக்க உபயோகிக்கத் தேய்வதற்குப் பதிலாகத் தேறிக்கொண்டே போகும் பொருள் உலகத்தில் வேறு எத்தனை இருக்கும்? (எனக்குத் தெரிந்து இன்னொன்று, ஊறுகாய் ஜாடி.)

இனி டம்ளர். அதற்கு ஆயா காசே கொடுக்கவில்லை. தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரிடம் தாத்தாவின் இரண்டு கால்சட்டைகளையும் ஒரு பழைய புடவையையும் போட்டு வாங்கியது. பெரிய அத்தையின் பெயர் அதில் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கிறது. எவர்சில்வர் என்று சொல்கிறோமே தவிர அதில் வெள்ளி குன்றிமணியளவும் கிடையாது. இரும்புடன் குரோமியம் என்ற உலோகம் கலந்த எஃகு அது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், துப்பாக்கிக் குழாய் உட்புறம் அரிக்கப்படாமல் இருக்க எந்த எஃகு ஏற்றது என்று ஹாரி பிரியர்லி என்பவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். குரோமியம் கூடுதலாகக் கலந்த ஒரு மாதிரியை அமிலம் எளிதில் அரிக்கவில்லை என்பதைக் கவனித்தார். துப்பாக்கிக்குத் தேடிய உலோகம் முதலில் சாப்பாட்டு மேசைக் கத்தியாயிற்று! பன்னிரண்டு வயதில் படிப்பை விட்டு எஃகு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். நம் மாநிலத்தில் 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை இந்த எஃகுத் தகடுகளை உருட்டத் தொடங்கியது.

இந்த எஃகில் குரோமியம் குறைந்தது 10.5 விழுக்காடாவது இருக்கும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து மேற்பரப்பில் ஒரு படலமாகிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்குதான், கண்ணுக்கே தெரியாது. துருவைப்போல் உதிராமல் இறுகி நிற்பது அதன் குணம். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் சரி, கம்பி நாரால் கீறினாலும் சரி, கீறல் விழுந்த இடத்தில் காற்றுப் பட்டவுடன் படலம் தானாகவே மறுபடி உண்டாகிவிடும். தோசைக்கல்லுக்குத் தோலை நாம் வளர்க்க வேண்டும். டம்ளர் தன் தோலைத் தானே வளர்த்துக்கொள்கிறது. ஆனால் அதற்கும் ஓர் எதிரி உண்டு. அதுதான் உப்பு. ஈர உப்பை எவர்சில்வர் டப்பாவில் நாள்கணக்கில் வைத்தால் ஊசி குத்தியதுபோல் குழிகள் விழும். உப்புக்கு ஜாடிதான் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பழக்கம் அன்று.

டில்லியில் குதுப்மினாருக்கு அருகே நிற்கும் இரும்புத் தூணைப் படத்தில் எல்லாரும் பார்த்திருப்போம். குப்தர் காலத்தது, சுமார் 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக இருப்பதால், மேலே ஒரு மெல்லிய படலம் படிந்து அதைக் காக்கிறது என்று ஆராய்ந்து கூறியிருக்கிறார்கள். எங்கள் டம்ளரும் அந்தத் தூணும் ஒரு வகையில் உறவினர் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அம்மியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டு ரதங்களைக் குடைந்ததைப் போன்ற கடினமான பாறையினத்தில் செய்தது, எளிதில் தேயாது. மேல்பரப்பு வழுவழுப்பாகி மசாலா அரைபடவில்லையென்றால், “அம்மி கொத்தலையோ” என்று தெருவில் கூவி வருபவரைக் கூப்பிட்டு உளியால் கொத்தச் சொன்னால் போதும். மிக்ஸி வந்த பிறகு அவர் எங்கள் தெருவுக்கு அபூர்வமாகத்தான் வருகிறார்.

இப்போது எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு அம்மா 1,100 ரூபாய் கொடுத்து ஒரு நான்ஸ்டிக் தவா வாங்கினார். அதிலுள்ள பூச்சு, 1938இல் ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க வேதியியலாளர் குளிர்பதனப் பெட்டிக்கான வாயுக்களை ஆராய்ந்தபோது தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள். எதுவும் அதன்மேல் ஒட்டாது. எண்ணெய்ச் செலவும் குறைவு. அம்மாவுக்கு வேலை எளிதாயிற்று என்பதை நான் மறுக்கவில்லை. கனமான இரும்புக்கல் பின்கட்டு மூலைக்குப் போயிற்று. ஆயா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் பழக்க தோஷத்தில் இரும்புக் கரண்டியால் திருப்பித் திருப்பி இரண்டே ஆண்டில் தவாவின் பூச்சு கீறி உரிந்துவிட்டது. ஆலையில் பூசிய அந்தத் தோலை வீட்டில் மறுபடி வளர்க்க முடியாது. எண்ணெயாலும் ஆகாது, காற்றாலும் ஆகாது. அம்மா இன்னொரு தவா வாங்கினார்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் பின்கட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்து, சேற்றை வாரியபோது தோசைக்கல் செங்கல்லைப்போல் சிவந்து கிடந்தது. கையால் தடவினால் பொடியாக வந்தது. பழைய இரும்புக்காரர் வந்தார். அம்மா மற்ற சாமான்களோடு அதையும் தராசுப் பக்கம் வைத்துவிட்டார். ஆயா திண்ணையிலிருந்து எழுந்து வந்து கல்லை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கை நடுங்குவதை நான் பார்த்தேன். கனத்தாலா, வேறு எதனாலா என்று தெரியவில்லை.

மறுநாள் “பாப்பா, கொஞ்சம் புளி கொண்டா” என்றார். செங்கல் பொடியும் புளியும் வைத்து நான் தேய்த்தேன். அவர் தண்ணீர் ஊற்றினார். புளியிலுள்ள அமிலம் துருவைக் கரைக்கும் என்று ஆயாவுக்குப் பாடம் நடத்தினேன். “அப்படியா, எங்க அம்மாவுக்கு அது தெரியாமலே செஞ்சாங்க” என்றார். பிறகு மூன்று நாள் கல்லில் அரிசி வடித்த கஞ்சியை ஊற்றி வைத்துத் தினமும் மாற்றினோம். நான்காம் நாள் கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெய் தடவித் துணியால் துடைத்து, புகைய விட்டு, ஆறவைத்து, மறுபடி தடவினோம். ஒரே நாளில் ஆறு தடவை. எண்ணெயை நிறைய ஊற்றினால் பிசுபிசுப்பாகிவிடுமாம். துடைத்ததுபோக எஞ்சுவதுதான் தோலாகும். கடைசியில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துக் கல் முழுதும் தேய்த்தோம். நாற்பது ஆண்டுத் தோல் போய், ஒரு நாள் தோல் வந்திருந்தது.

முதல் தோசை ஒட்டிக்கொண்டது, சுரண்டித்தான் எடுத்தோம். இரண்டாவது நடுவில் கிழிந்தது. மூன்றாவதை வார்த்ததும் ஆயா என்னைப் பேச வேண்டாம் என்று கை காட்டினார். அவருக்கு இப்போது கண் பார்வை குறைவு. மாவு வேகும் சத்தம் அடங்குவதைக் கேட்டுத்தான் திருப்புகிறார். தோசை முழுதாக எழும்பி வந்தது. தட்டில் போட்டு என்னிடம் நீட்டினார். நான் அதை ஆயாவிடமே கொடுத்துவிட்டேன்.

அம்மா இப்போது தோசைக்கு அந்தக் கல்லைத்தான் எடுக்கிறார். சப்பாத்தியும் அதிலேயே போடலாமே என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். எண்ணெயில்லாத சப்பாத்தி கல்லின் தோலை வறட்டிவிடும் என்று ஆயா இன்னும் சம்மதிக்கவில்லை.